நாலு வருஷமா போற புள்ள என்ன கத்துக்கிட்டான்?

பால்மரம் நின்ற இடமெல்லாம் இன்று செம்பனை நிற்கும் தோட்டம் அது. பழைய லயத்தில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. மிச்சமிருக்கும் நம்மவர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்தாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் காரியமாகப் பேசப் போயிருந்த நம்மை ஓர் அம்மா வாசலில் நிறுத்தினார். தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்பவர். வீட்டுக்காரர் குலை வெட்டுகிறார்.

"அண்ணே, பேப்பர்ல எழுதறவங்கதானே நீங்க? ஒன்னு கேக்கணும். எம் மவனுக்குப் பதினொரு வயசு. டவுன் பள்ளிக்கூடத்துல ஸ்பெஷல் கிளாஸ்ல இருக்கான். நாலு வருஷமா வேன் காசு கட்டறேன். நாலு வருஷத்துல என்ன கத்துக்கிட்டான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. டீச்சரக் கேட்டா 'ஓகே, ஓகே'ன்றாங்க. இவரு நிறுத்திடுன்றாரு. நிறுத்தலாமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பையன் வீட்டுக்குப் பின்புறம் பாட்டியோடு இருந்தான்.

அந்த அம்மா கேட்டது சின்னக் கேள்வி அல்ல. படித்த பெரியவர்கள் 'சிறப்புக் கல்வித் திட்டங்களின் பயன் மதிப்பீடு' என்று நீட்டி முழக்கிச் சொல்லும் விஷயத்தைத்தான் அவர் 'என்ன கத்துக்கிட்டான்?' என்று இரண்டே சொல்லில் கேட்டார். நம் தோட்டப்புறங்களில் இப்படிக் கேட்க நினைத்தும் கேட்காமல் இருக்கும் தாய்மார்கள் இன்னும் பலர். அவர்களுக்காக இந்த வாரம் இதையே எழுதுகிறோம்.

கதவு திறந்த கதை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்படி ஒரு வகுப்பு இருப்பதே நேற்று முந்தாநாள் வந்த காரியம்தான்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கென 1926இல் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் தொடங்கியது. பிறகு அது பினாங்குக்கு மாறியது. 1948இல் ஜொகூர் பாருவில் பிரின்செஸ் எலிசபெத் பள்ளி வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்கு 1954இல் பினாங்கில் பள்ளி வந்தது. ஆனால் கண்ணும் நன்றாக இருக்கிறது, காதும் நன்றாக இருக்கிறது, பாடம் மட்டும் ஏறவில்லை, பேச்சு வரவில்லை, நடவடிக்கை வேறு மாதிரி இருக்கிறது என்ற பிள்ளைகளுக்கு? அவர்களுக்கென்று அரசாங்கப் பள்ளியில் முன்னோடி வகுப்பு 1988இல்தான் தலைநகரில் தொடங்கியது.

அதுவரை நம் தோட்டங்களில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? ஆயாக் கொட்டகையில் இருந்தார்கள். வயது ஏறியதும் லயத்து வாசலில் இருந்தார்கள். 'அது ஒரு மாதிரிப் புள்ள' என்ற ஒரு சொல்லோடு அவர்கள் கதை முடிந்தது. பெரட்டுக்கு விடியுமுன் போகும் தாய் அந்தப் பிள்ளையைப் பாட்டியிடமோ மூத்த மகளிடமோ ஒப்படைத்துவிட்டுப் போனாள். மூத்தவளின் படிப்பும் அதோடு போயிற்று.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. அதன் கீழ் 1997இல் வந்த விதிகளோ, தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக் கூடிய, தேசியக் கல்வித் திட்டத்தில் படிக்கத் தகுந்த பிள்ளை என்று மருத்துவர் உள்ளிட்ட குழு உறுதி செய்தால்தான் இடம் என்றன. அதாவது, கழிவறைக்குத் தானாகப் போகத் தெரியாத பிள்ளை கதவுக்கு வெளியே நின்றது. 2008இல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. ஊனமுற்றோர் உரிமை பற்றிய ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2010இல் ஏற்றது. 2013இல் புதிய விதிகள் வந்தன. 2019இல் 'ஜீரோ ரிஜெக்ட்' என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பதே அதன் பொருள்.

ஆக, கதவு திறந்திருக்கிறது. போராடியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கதவு திறந்திருப்பது ஒன்று. உள்ளே போன பிள்ளை என்ன பெற்றது என்பது வேறொன்று.

தலையை எண்ணினால் போதுமா?

இது நமக்குப் புதிய பாடமில்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொல்லியது. துரைமார்களும் வைத்தார்கள். எப்படி? ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். இலாகாவின் புத்தகத்தில் 'பள்ளி உண்டு' என்று பதிவாகிவிட்டது. அதில் படித்த நம் தாத்தாக்களில் எத்தனை பேர் சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

சிறப்புக் கல்விக்கும் அதே ஆபத்து உண்டு. எத்தனை பள்ளிகளில் வகுப்பு இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் பதிந்திருக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றார்கள் என்பதெல்லாம் எளிதாக எண்ணக்கூடியவை. எண்ண எளிதானவை என்பதாலேயே அறிக்கைகளில் அவை முன்னே வந்து நிற்கும்.

ஓர் உதாரணம் பாருங்கள். 2013இல் தொடங்கிய நாட்டின் கல்வி மேம்பாட்டுத் திட்டம், 2025க்குள் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் நூற்றுக்கு 75 பேர் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் திட்டத்தில் இருக்க வேண்டும் என்று குறி வைத்தது. நல்ல குறிதான். ஒதுக்கி வைக்காமல் சேர்த்து வைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் 'சேர்ந்து படிப்பது' என்பதில் இரண்டு வகை உண்டு. முழுநாளும் சாதாரண வகுப்பில் இருப்பது ஒன்று. சில பாடங்களுக்கு மட்டும் போய்வருவது இன்னொன்று. ஓவியப் பாடத்துக்கு மட்டும் போய் மூலையில் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் பிள்ளைதான். அந்த மூலையில் யாராவது அவனோடு பேசினார்களா என்பது எண்ணிக்கையில் வராது.

சரி, பரீட்சையை வைத்து அளக்கலாமே என்பீர்கள். யூ.பி.எஸ்.ஆர். 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. அது இருந்த காலத்திலும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது பொருந்தவில்லை. அதனால்தான் 2016இல் இவர்களுக்கென்று தொடக்கப்பள்ளியில் மாற்று மதிப்பீடு ஒன்று கொண்டுவரப்பட்டது. எழுத்துப் பரீட்சைக்குப் பதில், பிள்ளை செய்து காட்டுவதை ஆசிரியர் பார்த்துப் பதிவு செய்யும் முறை அது. வழி சரியானதுதான். ஆனால் அந்தப் பதிவை நம்மவர்களில் எத்தனை பேர் வாங்கிப் பார்க்கிறோம்?

ஒரே அறை, பல பிள்ளைகள்

ஓ.கே.யூ. கார்டு கொடுக்கச் சமூகநல இலாகா ஏழு பிரிவுகள் வைத்திருக்கிறது: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல் பிரச்சினை, மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள். இதில் 'கற்றல் பிரச்சினை' என்ற ஒரே கூடையில்தான் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், எழுத்துக் குழப்பமான டிஸ்லெக்சியா, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, எல்லா வளர்ச்சியிலும் பின்தங்கிய பிள்ளை என அத்தனை பேரும் இருக்கிறார்கள்.

வகுப்பிலும் அப்படித்தான். எழுத்து மட்டும் கூடி வராத கெட்டிக்காரப் பையன் ஒரு மேசையில். இன்னும் ஒரு சொல் பேசாத பிள்ளை அடுத்த மேசையில். ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். இவர்களுக்கு ஒரே அளவுகோல் வைக்க முடியுமா? படி அரிசியையும் முழம் துணியையும் ஒரே தராசில் போட முடியாது.

ஆகையால், இந்தக் கல்வியின் பயனை அளக்க முதல் விதி இது: பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. அண்ணன் தம்பியோடும் ஒப்பிடக் கூடாது. போன வருஷத்து அவனோடு இந்த வருஷத்து அவனை ஒப்பிட வேண்டும்.

அதற்குப் போன வருஷம் அவன் எங்கே நின்றான் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறது. அதுதான் நாம் சொல்ல வரும் முக்கியமான தாள்.

கையெழுத்துப் போட்ட தாள்

சிறப்பு வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத வேண்டும். மலாயில் அதைச் சுருக்கி ஆர்.பி.ஐ. என்பார்கள். பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், என்ன வராது, அடுத்து என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம், எவ்வளவு காலத்தில், எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து பேசி எழுத வேண்டிய தாள் அது. காலம் முடிந்ததும் எடுத்துப் பார்த்து, வந்ததா வரவில்லையா என்று குறிக்க வேண்டும்.

அந்த அம்மாவிடம் கேட்டோம்: "ஆர்.பி.ஐ. பார்த்திருக்கீங்களா?"

"வருஷா வருஷம் ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. மலாயில இருக்கும். போட்டுட்டு வந்துருவேன். அன்னிக்கு லீவு எடுத்தா ஒரு நாள் சம்பளம் போவுதுண்ணே. சீக்கிரம் வந்தா அரை நாளாவது மிஞ்சும்."

பையில் தேடி ஒரு நகலை எடுத்து வந்தார். மூலையில் அரிசி மூட்டைத் தூசு. உட்கார்ந்து நாம் வாசித்துச் சொன்னோம்.

'தானாகச் சாப்பிடுவான்: முடியும். தட்டைக் கழுவி வைப்பான்: முடியும். கழிவறைக்குச் சொல்லிவிட்டுப் போவான்: முடியும். ஒன்று முதல் பத்து வரை எண்ணுவான்: இன்னும் முடியவில்லை.'

அந்த அம்மா நம்மையே பார்த்தார். "தானா சாப்பிடுவானா? வீட்டுல பாட்டிதானே ஊட்டுது! தட்டு கழுவுவானா?" என்றார். கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமா, வருத்தமா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்கு வருஷத்தில் பையன் கற்றது அந்தத் தாளில் இருந்தது. தாள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

மங்கு சொன்ன கணக்கு

கதை இதோடு முடியவில்லை. பின்புறம் போனோம். பாட்டி பழைய பால்வெட்டுக்காரர். முப்பது வருஷம் நிரை பிடித்தவர். மரம் போனாலும் மங்கை விடவில்லை. பழைய மங்குகளில் மண் போட்டு மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் வைத்திருக்கிறார். பையன் அந்த மங்குகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வரிசைக்குப் பத்து. நாம் விளையாட்டாக ஒன்றை எடுத்து மறைத்தோம். அவன் வரிசையைப் பார்த்தான். விரலால் தொட்டுக்கொண்டே போனான். வாய்க்குள் முணுமுணுத்தான். பிறகு நம் கையைப் பிடித்து இழுத்து மங்கை வாங்கிக்கொண்டான்.

"அவன் எண்ணுவான்யா," என்றார் பாட்டி. "ஒன்னு, ரெண்டுன்னு எங்கூட எண்ணுவான். பத்துக்கு மேல தெரியாது. பத்து வரைக்கும் தப்பாது."

தாளில் என்ன எழுதியிருந்தது? 'எண்ண முடியவில்லை'!

டீச்சர் பொய் எழுதவில்லை. பள்ளியில் படம் போட்ட அட்டையைக் காட்டி, சத்து, டூவா என்று மலாயில் எண்ணச் சொல்லியிருப்பார். அட்டை அவனுக்கு ஒட்டவில்லை. மொழியும் அந்த மொழி இல்லை. வீட்டில் மங்கைத் தொட்டு, பாட்டியின் தமிழில் எண்ணுகிறான். பள்ளிக்கு வீட்டில் நடப்பது தெரியாது. வீட்டுக்குப் பள்ளியில் நடப்பது தெரியாது. நடுவில் பையன் இரண்டு பாதிப் பிள்ளையாக நிற்கிறான்.

மதிப்பீடு என்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்று அப்போதுதான் நமக்கே உறைத்தது. தாளை மட்டும் பார்த்தால் பையனுக்குக் கணக்கு வராது என்போம். வீட்டை மட்டும் பார்த்தால் பள்ளிக்கூடம் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்போம். இரண்டும் தப்பு.

ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் செய்வது இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெரிய மலை. வகுப்பில் சட்டைப் பொத்தான் போடுவான், வீட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். ஆகவே, வகுப்பறையில் வந்தது வீட்டிலும் வந்ததா, கடையிலும் வந்ததா என்று பார்த்தால்தான் அது உண்மையான தேர்ச்சி. அதைப் பள்ளி தனியாகப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியவர் நாம்.

நாமே அளக்க ஐந்து கேள்விகள்

தோட்டத்துப் பெற்றோர்களே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பழைய கணக்குப் புத்தகம் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த ஐந்தையும் கேட்டு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று: போன தடவை செய்ய முடியாத எந்த ஒரு காரியத்தை இப்போது தானாகச் செய்கிறான்? 'நல்லா இருக்கான்' என்று எழுதாதீர்கள். 'செருப்பை வலது இடது பார்த்துப் போடுகிறான்' என்று எழுதுங்கள். கண்ணால் பார்க்கக்கூடியதையே எழுதுங்கள்.

இரண்டு: பள்ளியில் செய்வதை வீட்டில் செய்கிறானா? வீட்டில் செய்வது பள்ளிக்குத் தெரியுமா?

மூன்று: தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறான்? அழுதா, கையைப் பிடித்து இழுத்தா, படத்தைக் காட்டியா, சொல்லாலா? அழுகையிலிருந்து படத்துக்கு வந்திருந்தால் அது பெரிய தேர்ச்சி.

நான்கு: மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்குப் போனான்? போகாத நாளுக்குக் காரணம் பிள்ளையா, வேனா, மழையா, நாமா?

ஐந்து: பள்ளிக்குப் போகும் காலையில் அவன் முகம் எப்படி இருக்கிறது? சந்தோஷமாகப் போன பிள்ளை திடீரென்று அலறினால் அங்கே என்னவோ நடக்கிறது. பேசத் தெரியாத பிள்ளைக்கு அந்த அலறல்தான் புகார்க் கடிதம். அன்றைக்கே போய்க் கேளுங்கள்.

இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.பி.ஐ. கூட்டத்துக்குப் போங்கள். மலாயில் இருந்தால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நகல் கேளுங்கள். மூன்று குறிக்கோள் எழுதினால், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வேண்டியதாக இருக்கட்டும்: ராத்திரியில் எழுப்பாமல் கழிவறை போவது, அடுப்புப் பக்கம் போகாமல் இருப்பது, தன் பேரும் அப்பா பேரும் சொல்வது. தோட்டத்தில் காணாமல் போகும் பிள்ளைக்குத் தன் பேர் சொல்லத் தெரிந்தால் அது உயிரைக் காக்கும் படிப்பு.

தோட்டத்துக்கென்று இருக்கும் தடைகள்

பயனை அளக்கும்போது பள்ளியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பள்ளிக்கு வெளியே இருக்கும் தடைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலாவது தூரம். எல்லாப் பள்ளியிலும் இந்த வகுப்பு இல்லை. சில தமிழ்ப்பள்ளிகளில் உண்டு. பலவற்றில் இல்லை. அருகில் இருக்கும் தமிழ்ப்பள்ளியைத் தாண்டி டவுனில் இருக்கும் தேசியப் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறது. சிறப்பு வகுப்புப் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி உதவித் தொகை உண்டு. அது நல்ல உதவி. ஆனால் பலருக்கு அது வேன்காரருக்கே போய்விடுகிறது. வேன் வராத நாள் பள்ளி இல்லாத நாள். மாதத்தில் பாதி நாள் போகாத பிள்ளைக்கு எந்தத் திட்டம்தான் பயன் தரும்?

இரண்டாவது மொழி. பேச்சே தடுமாறும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய். பிள்ளை தமிழில் என்ன சொல்கிறது, எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆசிரியருக்குச் சொல்வது நம் வேலை. 'தண்ணி'க்கு 'நீ' என்று சொல்லும் பிள்ளை தாகமாய் இருப்பதை டீச்சர் எப்படி அறிவார்? இப்படிப் பத்துச் சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் அழுகை குறையக்கூடும்.

மூன்றாவது, பிள்ளையைச் சோதிக்காமலேயே முத்திரை குத்துவது. காது சரியாகக் கேட்காத பிள்ளையை மக்கு என்கிறோம். பார்வை மங்கிய பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் பார்ப்பார்கள். முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். பிறகுதான் மற்றது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் ஓ.கே.யூ. கார்டும் சிறப்பு வகுப்பும். 'கார்டு எடுத்தா நாளைக்குக் கல்யாணம் ஆகாது, பேர் கெட்டுப்போகும்' என்று மறைத்து வைக்கும் வீடுகள் உண்டு. மறைத்த பிள்ளைக்கு எந்தத் திட்டமும் எட்டாது. எட்டாத திட்டத்தை நல்லது கெட்டது என்று எப்படி அளப்பது?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். 'பெமுலிஹான்' எனப்படும் மீட்பு வகுப்பு வேறு, சிறப்புக் கல்வி வகுப்பு வேறு. வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கிய சாதாரண மாணவனைச் சில பாடநேரம் எடுத்துச் சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்புவது மீட்பு வகுப்பு. அதற்குக் கார்டு வேண்டாம். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். மீட்பு வகுப்பில் வருஷக்கணக்கில் இருந்தும் எழுத்துக் கூடவில்லை என்றால், மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

2013ஆம் ஆண்டு விதிகளில், சேர்ந்த பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு அந்த வகுப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கான காலம் அது. அந்த மூன்று மாதம் மிக முக்கியம். 'கொண்டுபோய் விட்டாச்சு' என்று இருந்துவிடாதீர்கள். வாரம் ஒரு முறையாவது ஆசிரியரைப் பாருங்கள். போக முடியாவிட்டால் கைப்பேசியில் கேளுங்கள்.

பள்ளி முடிந்த பிறகு?

எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல் ஒன்று இருக்கிறது. பள்ளி முடிந்த மறுநாள் அவன் எங்கே இருப்பான்? பதின்ம வயது முடிவதோடு பள்ளிக் கதவு மூடிவிடும். பத்து வருஷம் வகுப்பில் இருந்துவிட்டுத் திரும்பவும் லயத்து வாசலில் வந்து உட்கார்ந்தால் அந்தப் பத்து வருஷத்தின் பயன் என்ன?

ஆகவே, இடைநிலைப்பள்ளிக்குப் போனதுமே கேட்கத் தொடங்க வேண்டும். சமையல், தோட்ட வேலை, துணி தைப்பது, வண்டி கழுவுவது என்று எந்தக் கைத்தொழில் சொல்லித்தருகிறீர்கள்? பள்ளிக்கு வெளியே வேலைப் பயிற்சி உண்டா? அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று ஊனமுற்றோருக்கு என்ற கொள்கை இருக்கிறது. வேலை செய்யும் ஓ.கே.யூ.க்குச் சமூகநல இலாகாவின் மாத உதவியும் இருக்கிறது. வேலைக்குப் போக முடியாதவர்களுக்குப் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்கள் உண்டு. முதல் மையம் 1984இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கியது. இன்று நாடெங்கும் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று சமூகநல இலாகாவில் இப்போதே கேட்டு வையுங்கள்.

பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது?

நாம் அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை மட்டும் சொன்னோம். அவர் செய்தார். திங்கட்கிழமை வேனில் பையனோடு பத்து மங்கையும் பையில் போட்டு அனுப்பினார். கூட ஒரு துண்டுச் சீட்டு. 'இதை வைத்து எண்ணுவான், தமிழில்' என்று பக்கத்து வீட்டுப் பெண் மலாயில் எழுதிக் கொடுத்தாள். வீட்டில் பாட்டியிடம் ஒரே ஒரு நிபந்தனை: இனி ஊட்டக் கூடாது.

பாட்டிக்குத்தான் கஷ்டம். "சோறு கீழ கொட்டுதே"ன்று ஒரு வாரம் புலம்பினாராம்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது பார்த்தோம். சோறு இன்னும் கொஞ்சம் கொட்டுகிறது. ஆனால் தானாகத்தான் சாப்பிடுகிறான். வகுப்பில் மங்கைத் தொட்டு, முதலில் தமிழிலும் பிறகு டீச்சரோடு சேர்ந்து மலாயிலும் ஐந்து வரை எண்ணுகிறானாம். அட்டையில் இன்னும் வரவில்லை. டீச்சரே தாளில் 'பொருளைத் தொட்டு எண்ணுவான்' என்று திருத்தி எழுதியிருக்கிறார். அந்த மலாய்க்கார டீச்சர் 'ஒன்னு, ரெண்டு, மூனு' கற்றுக்கொண்டாராம்!

அவன் டாக்டராகப் போவதில்லை. நூறு வரை எண்ணுவானா என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் இப்போது அந்த அம்மாவிடம் 'நாலு வருஷத்தில் என்ன கத்துக்கிட்டான்?' என்று யார் கேட்டாலும், கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து வரிசையாகச் சொல்கிறார். வீட்டுக்காரரும் நிறுத்துகிற பேச்சை நிறுத்திவிட்டார்.

தோழர்களே! குலை வெட்டினால் எத்தனை டன் என்று கேட்கிறோம். சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தாலும் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அரசாங்கம் செலவு செய்கிறது, ஆசிரியர்கள் பாடுபடுகிறார்கள் என்பது உண்மை. அந்தச் செலவும் பாடும் நம் பிள்ளையிடம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அது உரிமை மட்டுமல்ல, பேசத் தெரியாத அந்தப் பிள்ளைக்காக நாம் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். அரிசி மூட்டைப் பக்கத்தில்தான் இருக்கும்.